உப்புத்தாள் எழுத்துகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கம் முடிந்த கையோடு பள்ளிக்கூடத்தைப் பற்றி ஓர் உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எழுத்தை வெறுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை வளர்ந்தபின் எந்தக் கவிஞரின் நூலையும் விரித்துப் பார்க்கப் போவதில்லை. அவ்வெறுப்பு பிறக்கும் வயது மூன்றுக்கும் ஆறுக்கும் இடைப்பட்டது. அந்த வயதைப் பற்றியதே இவ்வுரை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி வரை ஒருமுறை பேருந்தில் சென்று வருபவர் ‘மாண்டிசோரி’ என்ற சொல்லைப் பெயர்ப்பலகைகளில் காணாமல் திரும்ப இயலாது. பெரும்பாலும் அது கட்டணத்தின் அளவைச் சொல்லும் சொல்லாகவே ஆகிவிட்டது. உப்பளத்தில் வேலை செய்பவரின் பிள்ளைக்கும் அச்சொல்லுக்கும் தொடர்பு உண்டா? அரசு நடத்தும் பள்ளியில், அரசு ஊதியம் பெறும் ஒருவர், அந்தக் கல்வியைப் பெயரளவில் அன்றி மெய்யாகவே தர முடியுமா? இதுதான் கேள்வி.

மரக்காணம் சிறிய ஊரன்று. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. பூமீசுவரர் கோயிலின் கல்வெட்டுகள் சோழர் காலத்தைச் சொல்கின்றன. ஒருபுறம் கடல், மறுபுறம் கழுவேலி, இடையே வெள்ளைப் பாத்திகள். உமணர் வண்டிகள் போய் லாரிகள் வந்தன. வெயிலில் உப்பு வாரும் கைகள் மட்டும் மாறவில்லை. தை, மாசியில் தொடங்கும் வேலை வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை நீள்கிறது. மழை வந்தால் பாத்திகள் மூழ்கும், கூலி நிற்கும். 2024-இல் ஃபெஞ்சல் புயல் இக்கரையை என்ன செய்தது என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய வாழ்வில் பெரியவர்கள் விடியுமுன் பாத்திக்குப் போய்விட்டால் சின்னஞ்சிறு பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதே முதல் கேள்வி. கல்வி இரண்டாவது.

வியப்பு என்னவென்றால், மாண்டிசோரிக் கல்வியும் இதே கேள்வியிலிருந்துதான் பிறந்தது. உரோம் நகரின் சான் லொரென்சோ என்ற பகுதி அக்காலத்தில் கூலித் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். பழைய குடியிருப்புகளைச் செப்பனிட்ட ஒரு கட்டட நிறுவனத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. தாய் தந்தையர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிப் புதிதாகப் பூசிய சுவர்களைக் கெடுத்தனர். சுவரைக் காக்க ஒரு வழி தேடியபோது மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையாரை அணுகினார்கள். 1907 சனவரி 6 அன்று ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பிள்ளைகள் ஏறத்தாழ 50 பேர். அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் அதே கட்டடத்தின் காவலாளியின் மகள். ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறாதவர். ஆக, இன்று பணக்காரர் வீதியில் விற்கப்படும் இச்சரக்கு ஏழைகளின் மாடிப்படியில் விளைந்தது. சுண்ணாம்புச் சுவரின் நலம் கருதிப் பிறந்தது என்றும் சொல்லிக்கொள்ளலாம்!

அந்த இல்லத்தில் நடந்தது என்ன? பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் தாழ்ந்த அலமாரிகள், பிள்ளையே தூக்கி நகர்த்தக்கூடிய நாற்காலிகள், ஒவ்வொரு வகையிலும் ஒன்றே ஒன்றாக வைக்கப்பட்ட கருவிகள். இளஞ்சிவப்புக் கோபுரம் எனப்படுவது 10 மரக் கட்டைகள் கொண்டது. மிகச் சிறியதன் பக்கம் ஒரு சென்டிமீட்டர், மிகப் பெரியதன் பக்கம் பத்து. அடுக்குமுறை தவறினால் கட்டையே தவற்றைக் காட்டிவிடும். ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை. மூன்று வயதுப் பிள்ளையும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் இருப்பர். தொடங்கிய வேலையை முடிக்கும்வரை எவரும் குறுக்கிடுவதில்லை. இரண்டரை, மூன்று மணி நேரம் மணியடிக்காத காலை. பெரியவரின் வேலை, கவனித்துப் பார்ப்பது; வேண்டியபோது மட்டும் ஒரு கருவியை எடுத்துக் காட்டிவிட்டு விலகிக்கொள்வது.

தமிழ்நாட்டுக்கு இம்முறை நூல்களின் வழியே மட்டும் வந்ததன்று; அம்மையாரே வந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில் சென்னை அடையாற்றில் இறங்கியபோது அவருக்கு வயது 69. ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் 300-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசுக்கு அவர் பகை நாட்டவரானார். மகன் மாரியோ முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளன்று விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கோடைக்கானலில் இருவரும் செலவிட்ட ஆண்டுகள் அவர் சிந்தனையை வேறொரு தளத்துக்குக் கொண்டு சென்றன. 1946-இல் ஐரோப்பாவுக்குத் திரும்பியவர் மறு ஆண்டே மீண்டும் வந்தார். அடையாற்றுக் கொட்டகைக்கும் மரக்காணத்து உப்பளத்துக்கும் இடையே உள்ள தொலைவு நூற்று இருபது கிலோமீட்டர்கூட இராது. ஆனால் அக்கல்வி இத்தொலைவைக் கடந்து வரவில்லை. பயிற்சி பெற்றோர் பெரும்பாலும் நகரத்துத் தனியார் பள்ளிகளுக்கே போயினர். கருவிகள் விலை மிகுந்தவை. பெயரோ எவருக்கும் சொந்தமில்லாதது. 1967-இல் அமெரிக்க வணிகக்குறி ஆணையம் அது பொதுச்சொல் என்றே தீர்ப்பளித்துவிட்டது. சொல் பொதுவாயிற்று, பொருள் தனியுடைமையாயிற்று.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர்கள் இருவர். குசராத்தின் பாவநகரில் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்த கிஜுபாய் பதேகா முதலாமவர். 1920-இல் அவர் தொடங்கிய பால மந்திரம் மாண்டிசோரி முறையை இந்திய வீட்டுப் பழக்கத்துக்குள் கொண்டுவந்தது. அவருடைய ‘திவாஸ்வப்னா’ தமிழிலும் ‘பகற்கனவு’ என்ற பெயரில் படிக்கக் கிடைக்கிறது. அக்கதையின் களம் தனியார் பள்ளியன்று என்பது இங்கே நினைக்கத்தக்கது. கல்வி அதிகாரியிடம் ஓராண்டு அனுமதி கேட்டு, அரசுப் பள்ளியின் நான்காம் வகுப்பை ஏற்றுக்கொள்ளும் ஓர் ஆசிரியரின் கதை அது. முதல் நாளே பிள்ளைகள் அவரைப் படாதபாடு படுத்துகிறார்கள். உடன் பணிபுரிவோர் நகைக்கிறார்கள். இன்றைக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர் எவர் படித்தாலும் தம் பள்ளியை அதில் அடையாளம் காண்பார்.

இரண்டாமவர் தாராபாய் மோடக். கிஜுபாயோடு பாவநகரில் பணியாற்றியவர், 1945-இல் மராட்டியக் கடற்கரைச் சிற்றூரான போர்டியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு மையம் தொடங்கினார். கட்டடம் எழுப்பியாயிற்று, பிள்ளைகள் வரவில்லை. மற்றொருவராயிருந்தால் பெற்றோரைக் குறை கூறியிருப்பார். தாராபாய் பள்ளியைத் தூக்கிக்கொண்டு சேரியின் முற்றத்துக்கே போனார். முற்றத்துக்கு அவர்கள் மொழியில் அங்கண். முற்றத்துப் பள்ளி அங்கன்வாடி ஆயிற்று. விலை மிகுந்த கருவிகளுக்கு மாற்றாகச் சிப்பியும் விதையும் மூங்கிலும் வந்தன. பின்னர்க் கோசுபாடில் அனுதாய் வாக் துணையோடு, ஆடுமாடு மேய்க்கும் பழங்குடிப் பிள்ளைகளைத் தேடி மேய்ச்சல் நிலத்துக்கே பள்ளி சென்றது. 1975 அக்டோபர் 2 அன்று மைய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் மையங்களுக்கு வாய்த்த பெயர் அதே அங்கன்வாடி. இவ்வூரார் வாயில் ‘பால்வாடி’ என்று வழங்கும் அந்த அறையின் முன்னோர் நிரலில் மாண்டிசோரி அம்மையார் இருக்கிறார். சத்துணவு மூட்டைகளுக்கும் எடை பார்க்கும் கருவிக்கும் பின்னால் அந்த உறவு மறைந்து கிடக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் இம்முறையின் வாசல்வரை ஒருமுறை வந்ததும் உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலையே குறிப்பிட வேண்டும். மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விசயகுமார் அதற்கு உந்துசக்தி. ரிஷிவேலிப் பள்ளியின் ஊரகக் கல்வி மையம் வகுத்த அட்டை முறை அதற்கு முன்மாதிரி. 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் அது பரவியது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. சுவரின் அடியில், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகைப் பகுதி. ஒன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில். கற்றல் ஏணியைப் பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுக்கும் பிள்ளை. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தார். தமிழ்நாட்டுப் பள்ளி வரலாற்றில் அது எளிய மாற்றமன்று. நாற்காலி என்பது இங்கே ஓர் அரியணையாயிற்றே!

ஆயினும் அது நிலைத்து நிற்கவில்லை. ஒரே ஆணையால் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குச் சென்ற முறைக்கு வேர் பிடிக்க நேரம் கிடைக்கவில்லை என்பதே நேர்மையான மதிப்பீடு. அட்டைகள் கிழிந்தன, மாற்று அட்டைகள் வரத் தாமதமாயிற்று. ஏணியில் இன்று எத்தனை பேர் எந்தப் படியில் என்ற கணக்கு மேலிடத்துக்குப் போக வேண்டியிருந்தது. தானே தேர்ந்தெடுக்கும் பிள்ளை என்பது காலப்போக்கில் அட்டையைத் தேடும் பிள்ளை ஆயிற்று. ‘பிள்ளை வீட்டில் எழுதுவதே இல்லையே’ என்று பெற்றோரும் முணுமுணுத்தனர். 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தபோது பழைய ஏணிக்காக அழுதவர் அதிகமில்லை.

அடுத்த முயற்சி இன்னும் குறுகியது. 2019 சனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. மாண்டிசோரி முறையில் நடக்கும் என்ற பேச்சும் உடன் வந்தது. வகுப்பெடுக்க அனுப்பப்பட்டவர்களோ ஒன்றாம் வகுப்புக்கு மேல் கற்பிக்கப் பயின்ற இடைநிலை ஆசிரியர்கள். தங்களைக் கீழிறக்கிவிட்டதாக அவர்கள் கருதினார்கள். வழக்கு நீதிமன்றம்வரை சென்றது. மூன்று வயதுப் பிள்ளைக்கு முன் அமர்வதைத் தண்டனையாக எண்ணும் ஒருவரிடம் எந்தக் கருவியைக் கொடுத்து என்ன பயன்? 2022 சூனில் அவ்வகுப்புகள் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் தொடரும் என்று மறு அறிவிப்பு வந்தது. மாதம் 5,000 உரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். உப்பு வாருபவரின் கூலியோடு இத்தொகையை ஒப்பிட்டுப் பார்ப்பதை அவையோரின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம்.

அப்படியானால் விடை ‘முடியாது’ என்பதுதானா? அமெரிக்காவில் நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. அங்கே 1991-இல் மின்னசோட்டா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அரசுப் பணத்தில், கட்டணமின்றி, ஆனால் கல்வித் துறையின் அன்றாடப் பிடியிலிருந்து விலகி, ஓர் ஒப்பந்தத்தின் பேரில் தனிக்குழு நடத்தும் பொதுப்பள்ளிகளுக்கு அது வழிவிட்டது. சார்ட்டர் பள்ளிகள் என்பன இவையே. இவற்றிலும் வேறுவகைப் பொதுப்பள்ளிகளிலுமாக இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்டவை மாண்டிசோரிப் பெயரில் நடக்கின்றன. இடத்துக்கு மிஞ்சிய பிள்ளைகள் வந்தால் குலுக்கல்தான். குலுக்கல் என்பதால் ஆய்வாளர்க்கு நல்வாய்ப்பு. இடம் கிடைத்த பிள்ளையையும் கிடைக்காத பிள்ளையையும் ஒப்பிடலாம். ஏஞ்சலின் லில்லார்ட் என்ற உளவியல் அறிஞர் 2006-இல் மில்வாக்கி நகரத்திலும் 2017-இல் ஹார்ட்ஃபோர்ட் நகரத்திலும் இவ்வாறு ஆராய்ந்தார். ஹார்ட்ஃபோர்டில் மூன்றாண்டு முடிவில் ஏழைப் பிள்ளைகளுக்கும் வசதியுள்ள பிள்ளைகளுக்கும் இடையே இருந்த கல்வி இடைவெளி மாண்டிசோரி வகுப்பில் சுருங்கியது கண்டறியப்பட்டது. ஆகவே அரசுப் பணத்துக்கும் இம்முறைக்கும் பிறவிப் பகை எதுவுமில்லை.

அதே அறிஞரின் 2012-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இங்கே இன்னும் கூர்மையாகப் பொருந்தும். கருவிகளோடு வழக்கமான பயிற்சித் தாள்களையும் கலந்து நடத்திய வகுப்புகளை, கலப்பின்றி நடத்திய வகுப்புகளோடு அவர் ஒப்பிட்டார். கலப்பில்லாதவற்றின் பிள்ளைகளே முன்னேறியிருந்தனர். அலமாரி நிறையக் கருவி வைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு ‘அ’ பத்து முறை எழுது என்று தாள் கொடுத்தால் அம்முறை உள்ளிருந்தே கரைகிறது.

தாராபாய் கருவியையே மாற்றினாரே, அது கலப்பில்லையா என்ற கேள்வி எழும். எழ வேண்டும். உலக மாண்டிசோரிச் சங்கத்தின் மரபைப் பின்பற்றுவோர் கட்டையின் அளவு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஒப்பமாட்டார்கள். அவர்கள் கண்டிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. தவற்றைத் தானே காட்டாத கருவி வெறும் பொம்மை. ஆனால் சிப்பிகளைப் பெரிதும் சிறிதுமாக வரிசைப்படுத்தும் பிள்ளையின் நேரத்தைத் தாராபாய் தொடவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தொடவில்லை. அருகில் அமர்ந்து பார்க்கும் பெரியவரை அகற்றவில்லை. கட்டை மாறலாம்; இம்மூன்றும் மாறினால் எஞ்சுவது பெயர்ப்பலகை. தமிழ்நாட்டில் நடந்ததோ இதன் தலைகீழ். கருவியும் அட்டையும் பாயும் அரசாணையோடு வந்து சேர்ந்தன. நேரமும் நம்பிக்கையும் நிலையான ஆளும் வரவில்லை. அரசுப் பள்ளியில் மெய்யான மாண்டிசோரிக் கல்வி இயலும். இதுவரை அதைத் தடுத்தது ஏழ்மையன்று, பிள்ளைகளின் எண்ணிக்கையுமன்று. ஐம்பது பிள்ளைகளோடுதான் அது தொடங்கியது என்பதை மறக்கலாகாது.

உரோமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அந்தக் காவலாளி மகளுக்கும் இன்றைய அங்கன்வாடிப் பணியாளருக்கும் என்ன வேறுபாடு? கல்வித் தகுதியில் இவரே மேம்பட்டவர். ஆனால் அந்தப் பெண் அதே கட்டடத்தில் வாழ்ந்தார். பிள்ளைகளைக் கவனித்து, கண்டதை அம்மையாரிடம் சொல்வதே அவர் பணி. இவருக்கோ எடைப் பதிவேடு, சத்துமாவு இருப்பு, தடுப்பூசிப் பட்டியல், கணக்கெடுப்பு, கைப்பேசியில் அன்றாடப் பதிவு. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்களில் இதுவே நிலை. பதிவேட்டைப் பார்க்கும் கண் பிள்ளையைப் பார்ப்பது எப்போது? ஒரு மையத்துக்கு இன்னும் ஓர் ஆள், ஓராண்டுப் பயிற்சி, ஐந்தாண்டு இடமாற்றமின்மை. இவை கேட்கப்பட வேண்டியவை. இவற்றுக்குப் பணம் வேண்டும். பளபளக்கும் கருவிப் பெட்டிக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் இதற்குத் திருப்பலாம்.

கவிஞர் அவையில் எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் அமர்வது முறையாகாது. அம்மையார் பிள்ளைக்கு எழுத்தைக் கண்ணால் காட்டுமுன் விரலால் காட்டினார். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தின்மேல் பிள்ளை இரு விரல்களால் தடவி ஒலியைச் சொல்லும். அத்தாளுக்குத் தமிழில் உப்புத்தாள் என்று பெயர். உப்பூரில் இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிய மரபும் இதற்கு அயலன்று. எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆன்டுரு பெல் என்ற பாதிரியார் இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு, 1797-இல் நூலாக்கி, இங்கிலாந்தில் ‘சென்னை முறை’ என்றே பரப்பினார். அதற்காகத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிப் பேசவும் வேண்டா. சட்டாம்பிள்ளையின் பிரம்பும் அங்கேதான் இருந்தது, எல்லாப் பிள்ளைகளுக்கும் அத்திண்ணையில் இடமும் இருந்ததில்லை.

உப்புத்தாளுக்கு அடுத்தது அசையும் எழுத்துகள். பிள்ளை தன் மனத்திலுள்ள சொல்லை மர எழுத்துகளை அடுக்கி உருவாக்கும் பெட்டி. இத்தாலிய மொழிக்கு இது எளிது. தமிழுக்கு 247 என்று மலைக்க வேண்டியதில்லை. உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம், புள்ளி, துணைக்காலும் கொம்புகளும் சுழிகளுமாகச் சில, உகர ஊகார வரிசைகள் மட்டும் தனித்தனியே 36. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 75 வகைத் துண்டுகள் போதும். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை முதலான 13 எழுத்துகளை ஒழுங்குபடுத்தியது இப்பெட்டிக்குப் பெரிய உதவி. எஞ்சும் சிக்கல் ஒன்று உண்டு. ‘கெ’ என்று சொல்லும் பிள்ளையின் வாயில் ககரம் முந்துகிறது. பலகையிலோ கொம்பு முந்துகிறது. காதில் விழும் வரிசையில் கை அடுக்க முடியாத இடம் அது. ஆகவே கொம்பு வாராத சொற்களே முதல் பெட்டிக்கு உரியவை.

அச்சொற்களைத் தேர்ந்து தர இந்த வட்டத்துக் கவிஞர்களைவிடத் தகுந்தவர் யார்? படகு செய்யும் தச்சர் ஊரில் இருக்கிறார். ஒரு பெட்டி, ஒரு பால்வாடி, ஓராண்டு என்று தொடங்கினால் போதும். கடல், மணல், மரம், படகு, பாய், நண்டு, வாளி, பாத்தி, உப்பு ஆகியவை முதல் பெட்டியில் சேரும். வலையும் அலையும் நாரையும் ஐகாரக் கொம்பு ஏறியவை. அவை இரண்டாம் பெட்டிக்கு.